அளவில்லாத கருணை

நில அளவையைக் குறை சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கிறது. ஒரு பொருளுக்கு ஒரே அளவுதான் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் இவர்கள் வாழ்க்கையின் ருசி அறியாதவர்கள். பால் லிட்டரில் வருகிறது, அரிசி கிலோவில் வருகிறது, அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நிலம் அப்படிச் சப்பென்று முடிகிற சரக்கா? தமிழ்நாட்டில் ஒரு துண்டு நிலம் வைத்திருப்பவரிடம் உண்மையில் ஐந்து நிலங்கள் இருக்கின்றன. பட்டாவில் ஒன்று, பத்திரத்தில் ஒன்று, புலப்படத்தில் ஒன்று, தரகரின் நாக்கில் ஒன்று, பாட்டன் கைகாட்டிவிட்டுப் போனது ஒன்று. விலைவாசி ஏறிக் கிடக்கும் இந்தக் காலத்தில் ஒரு நிலத்தின் விலைக்கு ஐந்து நிலம் தருகிற புண்ணியவான்கள் வேறு எந்த நாட்டில் உண்டு?

இந்தச் செல்வம் முழுவதையும் ஒரே இடத்தில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் திருப்பத்தூர் மாவட்டத்துக்கு வரலாம். 2019 நவம்பர் 28 அன்று வேலூரிலிருந்து பிரிந்து பிறந்த இளம் மாவட்டம் இது. ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் போனால் நிலம் சதுர அடியில் பேசும். ஏலகிரியில் வார இறுதிக்கு வீடு தேடி வரும் சென்னைக்காரர் கிரவுண்டில் கேட்பார். சமவெளி விவசாயி சென்ட்டில் பதில் சொல்வார். ஜவ்வாது மலைமேல் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று போனால், சாமை விதைக்கிற கொல்லையைக் கையால் காட்டி ‘அந்தப் புளியமரம் வரைக்கும்’ என்பார்கள். இத்தனை பேருக்கும் நடுநிலையாக இருக்க வேண்டுமென்று அரசு தன் பட்டாவில் இவற்றில் எதையும் எழுதாமல் ஹெக்டேர், ஏர்ஸ் என்று எழுதுகிறது. யாருக்கும் புரியாதபடி எழுதினால்தானே யாருக்கும் ஓரவஞ்சனை செய்ததாக இருக்காது.

புதூர்நாட்டுப் பக்கம் கொஞ்சம் புன்செய் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் பட்டா நகலைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு பேருந்தில் இறங்கித் திருப்பத்தூர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு என்ற கட்டத்தில் 0 - 40.50 என்று இருக்கிறது. ஜெராக்ஸ் கடைப் பையனிடம் நீட்டுகிறார்.

“தம்பி, இதுல எத்தினி சென்ட்டு இருக்குதுன்னு பார்த்துச் சொல்லு.”

“நாப்பதரை சென்ட்டு பெரியப்பா.”

பையன் பொய் சொல்லவில்லை. காகிதத்தில் இருந்த எண்ணைத்தான் படித்தான். அது 40.50 ஏர்ஸ். ஒரு ஏர்ஸ் என்பது 100 சதுர மீட்டர், சென்ட் கணக்கில் 2.47. ஆக, பெரியவர் வைத்திருப்பது நூறு சென்ட், சுத்தமாக ஒரு ஏக்கர். காலையில் ஏக்கர்காரராக மலையிறங்கியவர் மாலையில் அறுபது சென்ட் பாரம் குறைந்து மலையேறுகிறார். கால்கடுக்க நடக்கிற வயதில் இந்தப் பாரம் குறைவது எவ்வளவு பெரிய உதவி! அதற்குள் யாராவது நல்ல மனிதர் வந்து “நாப்பதரை சென்ட்டுக்கு நல்ல விலை தரேன்” என்று கைகுலுக்கினால் மீதி அறுபதும் பேச்சுக்கே வராமல் கைமாறிவிடும்.

அந்த ஒரே காகித எண்ணுக்குள் எத்தனை நிலம் ஒளிந்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்கையில் எனக்கு மெய்சிலிர்க்கிறது. 40.50 ஏர்ஸ் என்பது 4,050 சதுர மீட்டர். சதுர அடியில் 43,594. கிரவுண்டு ஒன்றுக்கு 2,400 சதுர அடி என்று வகுத்தால் பதினெட்டுக்குச் சற்று மேல். பழைய வட ஆற்காட்டு வழக்கில் காணியாகச் சொன்னால் முக்கால் காணி. குழியாகச் சொன்னால் எழுபத்தைந்தே முக்கால் குழிக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. ஆனால் எந்தக் குழி என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

கேட்டுவிட்டீர்கள், சொல்லிவிடுகிறேன். வட மாவட்டங்களிலும் புதுச்சேரியிலும் குழி என்றால் 24 அடிக்கு 24 அடி, 576 சதுர அடி. இப்படி 100 குழி சேர்ந்தால் ஒரு காணி, அதாவது 57,600 சதுர அடி, 132 சென்ட். தஞ்சாவூர்ப் பக்கம் போனால் குழி 12 அடிக்கு 12 அடியாகச் சுருங்கிவிடும், 144 சதுர அடி. அங்கே 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. காணி என்பது மாவில் கால் பங்கு, 3,600 சதுர அடி, எட்டேகால் சென்ட். வடக்கே உள்ள காணிக்குள் தெற்கே உள்ள காணி பதினாறு அடங்கும். தஞ்சாவூர் மாப்பிள்ளைக்கு ஐந்து காணி நஞ்சை என்று தரகர் சொன்னால், திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண்வீட்டார் ஆறரை ஏக்கருக்கு மேல் கற்பனை செய்துகொள்வார்கள். கல்யாணம் முடிந்து போய்ப் பார்த்தால் நாற்பத்தொரு சென்ட். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை என்பதுதான் அழகு. சம்பந்தம் யாழ்ப்பாணத்தில் என்றால் அவர்கள் பரப்புக் கணக்கில் பேசுவார்கள், பதினாறு பரப்பு ஒரு ஏக்கர். அது இன்னும் ருசி.

அமெரிக்கர்களுக்கு இந்த மனவலிமை இல்லை. அவர்களிடம் இரண்டு விதமான அடி இருந்தது, நில அளவைக்கு ஒன்று, மற்றதற்கு ஒன்று. இரண்டுக்கும் வித்தியாசம் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. ஒரு மைலுக்கு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு அங்குலமே வரும் அந்த வித்தியாசத்தைத் தாங்க முடியாமல் 2022 டிசம்பரோடு ஓர் அடிக்கு ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பதினாறு மடங்கு வித்தியாசத்தை மடியில் கட்டிக்கொண்டு நாம் சிரித்தபடி இருக்கிறோம். பெருந்தன்மை என்பது பணத்தால் வருவதில்லை.

நம் முன்னோர்களிடமும் இந்தப் பெருந்தன்மை குறைவாகத்தான் இருந்திருக்கிறது. ராஜராஜ சோழன் கி.பி. 1001 வாக்கில் நாட்டை அளக்கச் சொன்னார். வேலியை மாவாக, காணியாக, முந்திரியாக, கீழ்முந்திரியாக உடைத்துக்கொண்டே போய், ஒரு வேலியின் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரைக்கும் அன்றைய கணக்கு இறங்கியதாக வரலாற்று நூல்கள் வியக்கின்றன. இன்றைய வேலிக் கணக்கில் அது சதுர மில்லிமீட்டரில் சுமார் பாதி, ஓர் எறும்பு உட்காரக்கூட இடம் போதாது. அவ்வளவு நுணுக்கமாக எழுதிவிட்டால் பிறகு பேரத்துக்கு எங்கே இடம்? அதைவிட மோசம், அளவுகோலின் நீளத்தைக் கோயில் சுவரில் கோடாகச் செதுக்கி வைத்த பழக்கம். எவன் வேண்டுமானாலும் கயிற்றோடு போய்ச் சரிபார்த்துக்கொள்ளலாம். காசு கேட்காத சுவர், மதிய உணவுக்குப் போகாத சுவர், நாளைக்கு வரச் சொல்லாத சுவர். அதைப் பார்த்து எத்தனை இடைத்தரகர் குடும்பங்கள் வயிறு காய்ந்திருக்கும்! ஊருக்கு ஊர் கோலின் நீளம் வேறு வேறாகத்தான் இருந்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்தந்த ஊர்க் கோல் அந்தந்த ஊர்க்காரன் கண்ணுக்குத் தெரிந்தது. அப்படிப்பட்ட இருண்ட காலத்திலிருந்து நாம் வெகுதூரம் வந்துவிட்டோம்.

திருப்பத்தூருக்கு இந்த விஷயத்தில் தனிச் சிறப்பும் உண்டு. 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து கும்பினி கைக்கு வந்த பாராமகாலில் இந்த ஊரும் சேர்த்தி. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும், அவருக்குக் கீழே இருந்த தாமஸ் மன்றோவும் புலம் புலமாக அளந்து, உழவர் ஒவ்வொருவரிடமும் நேரே வரி கேட்கும் ரயத்துவாரி முறையை இந்த வட்டாரத்தில்தான் பழகிப் பார்த்தார்கள். தமிழ்நாட்டின் பெரும்பகுதி இன்று வைத்திருக்கும் பட்டாவின் பூர்வீகத்தைத் தேடிக்கொண்டு போனால் இந்தப் பக்கத்து மேட்டுநிலம் எதிலாவது வந்து நிற்க நேரிடும். ஒவ்வொரு வயலையும் தனியாக அளக்கத் தொடங்கிய மண்ணில், இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, ஒரு வயல் எவ்வளவு என்று கேட்க நாலு கடை ஏற வேண்டியிருக்கிறது என்றால், அளவைக் கலை அவ்வளவு தூரம் செழித்துவிட்டது என்று பொருள்.

வெள்ளைக்காரன் கொண்டுவந்த ஏக்கரையும் சும்மா சொல்லக்கூடாது. எட்மண்ட் கன்ட்டர் என்ற ஆங்கிலேயர் 1620-ல் ஒரு சங்கிலியை உருவாக்கினார். நீளம் 66 அடி, கண்ணிகள் 100. சங்கிலிக்குச் சங்கிலி சதுரம் போட்டு அப்படிப் பத்தைச் சேர்த்தால் ஒரு ஏக்கர். அந்த ஒரு சதுரம் பத்து சென்ட். கிரிக்கெட் ஆடுகளத்தில் ஸ்டம்புக்கு ஸ்டம்ப் 22 கெஜம் என்பதும் இதே சங்கிலி நீளம்தான். ஆகவே ஒரு பிட்ச் நீளத்துக்கு நாலு பக்கமும் கோடு போட்டால் பத்து சென்ட் என்று எந்தப் பள்ளிக்கூடப் பையனும் நடந்து பார்த்துச் சொல்லிவிடலாம். இது ஆபத்தான அறிவு. நல்லவேளையாகப் பள்ளியில் சொல்லித் தருவதில்லை. முன்பு திண்ணைப் பள்ளியில் எண்சுவடி மனப்பாடம் செய்த பிள்ளைகள் குழிமாற்று வாய்ப்பாட்டையும் சேர்த்து ஒப்பித்தார்கள், நிலப் பரப்பு நாக்கு நுனியில் நின்றது. இப்போது பட்டம் பெற்றவர்களும் கைப்பேசியைத் திறக்கிறார்கள். அந்தச் செயலியோ பீகாவா, கட்டாவா, மர்லாவா, கனாலா என்று புதூர்நாட்டுக்காரரை அன்போடு விசாரிக்கிறது. தேசிய ஒருமைப்பாடு இப்படித்தான் வளர வேண்டும்.

சுதந்திரத்துக்குப் பின் 1956-ல் எடை அளவுச் சட்டம் வந்தது, நாடு மெட்ரிக்குக்கு மாறியது. நிலப் பதிவேடுகளை அவசரப்பட்டு மாற்றிவிடாமல் நிதானமாக 1979-ல் தொடங்கி 1987 வரை யு.டி.ஆர். என்ற பெயரில் புதுப்பித்தார்கள். கிராமத்துக் கணக்கெல்லாம் தலைகீழாகத் தெரிந்த பரம்பரைக் கர்ணம் பதவியை 1980-ல் ஒழித்தார்கள். கர்ணங்கள் எல்லாம் தர்மராஜாக்கள் என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் பழைய கணக்குத் தெரிந்தவரை வீட்டுக்கு அனுப்பிய அதே சமயத்தில் புதிய கணக்கைக் கொண்டுவந்த அந்த நேரப்பொருத்தத்தை எந்த ஜோசியராலும் குறித்துத் தந்திருக்க முடியாது. யு.டி.ஆர். பிழைத் திருத்தம் என்ற பெயரில் இன்றும் மனுக்கள் நடந்துகொண்டிருக்கின்றன. எட்டு ஆண்டு வேலை நாற்பது ஆண்டுக்கு வேலை கொடுக்கிறது. இதைவிட நல்ல வேலைவாய்ப்புத் திட்டம் உண்டா?

கிராமத்துப் பட்டாக்களைப் புரட்டிப் பார்த்தால் இன்னொரு நயம் தெரியும். ஏர்ஸ் எண்கள் பெரும்பாலும் .00 என்றோ .50 என்றோ முடியும். ஒரு ஏக்கர் என்றால் சரியாக 40.47 ஏர்ஸ், காகிதத்தில் அது 40.50 ஆகும்போது 34 சதுர அடி அரசின் அன்பளிப்பாக வந்து சேருகிறது. பக்கத்துக் கொல்லைக்காரருக்கு 40.70 என்று வரவேண்டியது 40.50 ஆகிவிட்டால் அவருக்கு அரை சென்ட் போயிற்று. எதிரும் புதிருமாக இருந்த இரண்டு குடும்பங்கள் ஒரே எண்ணைப் பெற்று, வரப்பில் நின்று பேசிக்கொள்ள ஒரு பொது விஷயம் கிடைக்கிறது. அந்தப் பேச்சு உரிமையியல் நீதிமன்றம் வரை நீள்வதும் உண்டு.

புள்ளியின் மகிமையைத் தனியாகப் பாட வேண்டும். ஒரு ஏக்கர் ஐந்து சென்ட்டை 1.05 என்று எழுத வேண்டும். 1.5 என்று எழுதினால் ஒன்றரை ஏக்கர். ஒரு பூஜ்யம் இருந்தால் ஐந்து சென்ட், இல்லாவிட்டால் ஐம்பது. பூஜ்யத்தை உலகுக்குத் தந்தவர்கள் நாம் என்று மேடையில் பேசுகிறோமே, அதன் மதிப்பு 45 சென்ட் என்பதைப் பாகப்பிரிவினையின்போது அண்ணன் தம்பிகள் நேரில் உணர்ந்துகொள்கிறார்கள்.

தரகர்களின் தொண்டையும் இங்கே குறிப்பிடாமல் போனால் நன்றி மறந்தவன் ஆவேன். ஒரு சென்ட்டுக்கு 435.6 சதுர அடி. அந்த ‘புள்ளி ஆறு’ மனிதர்களைத் துன்புறுத்துகிறது என்று அறிந்து சிலர் 435 என்கிறார்கள், இன்னும் இளகிய மனம் கொண்டவர்கள் 400 என்று முடித்துவிடுகிறார்கள். மூன்று சென்ட் வீட்டுமனை வாங்குகிறவருக்கு 400 கணக்கில் அளந்து கொடுத்தால் 107 சதுர அடி குறையும். பத்துக்குப் பத்தில் ஓர் அறை. வீடு கட்டும் செலவில் ஓர் அறையை மிச்சப்படுத்தித் தந்த மனிதருக்கு இரண்டு சதவீதம் கமிஷன் கொடுக்கக் கசக்குமா? விலை பேசும்போதும் இதே 400 கைகொடுக்கும். சென்ட் ஒரு லட்சம் என்றால் சதுர அடி 230 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. 400-ஆல் வகுத்தால் 250. ஏலகிரியில் ஒரு கிரவுண்டு கேட்கும் சென்னைக்காரர் ஐந்தரை லட்சத்துக்குப் பதில் ஆறு லட்சம் தருவார். அளக்கும்போது வாங்குகிறவருக்கு 400, விலை சொல்லும்போதும் அவருக்கு 400. ஒரே எண்ணை இரண்டு பக்கமும் பயன்படுத்துவதுதானே நேர்மை.

மலைக்கு வருவோம். சமவெளிக்கு இல்லாத ஒரு சலுகை ஜவ்வாது மலைக்கு இருக்கிறது. நில அளவை என்பது சரிவின் தோலை அளப்பதில்லை. மேலே இருந்து நேராகக் கீழே பார்த்தால் எவ்வளவு மட்டமான இடம் தெரியுமோ அதைத்தான் கணக்கில் எடுக்கும். அதனால்தான் நில அளவையர் சங்கிலியைச் சரிவில் கிடத்தாமல், மட்டமாகத் தூக்கிப் பிடித்துப் படிப்படியாக இறங்குவார். 25 டிகிரிச் சரிவில் இருக்கும் கொல்லையைக் கயிறு போட்டுத் தரையோடு தரையாக அளந்தால் 110 சென்ட் வரும், காகிதத்தில் 100 சென்ட்தான் இருக்கும். இரண்டுமே சரி. உழுகிறவர் 110 சென்ட்டை உழுகிறார், களை பறிக்கிறவர் 110 சென்ட்டுக்குக் குனிகிறார், மழை மட்டும் 100 சென்ட்டுக்குப் பெய்கிறது. இதை அவருக்கு யாரும் விளக்கிச் சொன்னதில்லை. அதனால் அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு, “பத்து சென்ட்டை யாரோ எடுத்துட்டாங்க” என்று முடிவுக்கு வருகிறார். பக்கத்துக்காரர் மேல் சந்தேகம், வனத்துறை மேல் சந்தேகம், கிராம நிர்வாக அலுவலர் மேல் சந்தேகம். ஒரு முக்கோணவியல் பாடத்தில் முடிந்திருக்க வேண்டியது மூன்று தலைமுறைப் பகையாக வளர்ந்து நிற்கிறது. கல்வித் துறைக்குக் கிடைக்காத புகழ் காவல் துறைக்குப் போகிறது.

அதே மலையில், ஆலங்காயத்துக்கு மேலே, காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986-ல் ராஜீவ் காந்தி திறந்து வைத்த 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. அங்கே இரவெல்லாம் கண்விழித்து, கண்ணுக்குத் தெரியாத நட்சத்திரங்களின் ஒளியை ஆராய்கிறார்கள். அவர்களைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கிறது. ஒளியாண்டு காவலூரிலும் அதே நீளம், சிலி நாட்டிலும் அதே நீளம். வடநாட்டு ஒளியாண்டு, தஞ்சாவூர் ஒளியாண்டு என்று பிரித்துப் பேச வழியில்லை. பால்வெளியில் ஒரு கிரவுண்டு வாங்கித் தர ஆளில்லை. மலை உச்சியில் இப்படி ஒரு வறட்சி, மலையடிவாரத்தில் அப்படி ஒரு வளம்.

அரசின் பரிவு முழுமையாகப் பூக்கும் இடம் சலுகைத் திட்டங்கள். சிறு விவசாயி என்றால் தமிழ்நாட்டில் ஐந்து ஏக்கர் வரை வைத்திருப்பவர். 2016-ல் சிறு, குறு விவசாயிகளின் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தபோது அந்த ஐந்து ஏக்கர்தான் கோடு. 2019 பிப்ரவரியில் டெல்லி பி.எம். கிசான் திட்டத்தைத் தொடங்கியபோது கோடு இரண்டு ஹெக்டேர். இரண்டு ஹெக்டேரை ஏக்கராக்கினால் 4.94. ஐந்துக்கும் அதற்கும் நடுவே ஐந்தே முக்கால் சென்ட், ஒரு கிரவுண்டுக்குச் சற்று மேல். அந்த இடுக்கில் 4 ஏக்கர் 97 சென்ட் வைத்திருந்த விவசாயியை நினைத்துப் பாருங்கள். சென்னையில் அவர் சிறு விவசாயி. ரயிலேறி டெல்லி போய்ச் சேர்வதற்குள், ஒரு பிடி மண் கூடாமலே, பெரிய விவசாயி ஆகிவிட்டார். கூரியர் கட்டணம் கூட இல்லாமல் மனிதனுக்கு இப்படி ஒரு அந்தஸ்து உயர்வு எந்த நாட்டில் கிடைக்கும்? அந்த ஆண்டே டெல்லி வரம்பை எடுத்துவிட்டது என்பதுதான் எனக்குச் சிறிய வருத்தம்.

வன உரிமைச் சட்டமும் இந்த அழகில் பங்கு கொள்கிறது. 2006-ம் ஆண்டுச் சட்டப்படி காட்டில் உழுதுவரும் பழங்குடிக் குடும்பத்துக்கு நான்கு ஹெக்டேர் வரை உரிமை கேட்கலாம். ஜவ்வாது மலையில் இது மேடைப் பேச்சில் ‘பத்து ஏக்கர்’ ஆகிவிடும், காரணம் ஒரு ஹெக்டேருக்கு இரண்டரை ஏக்கர் என்று சொல்வது வாய்க்குச் சுகம். உண்மையில் 9.88 தான். பன்னிரண்டு சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவாக, சென்னையில் இரண்டு கிரவுண்டு வரும் அளவு நிலம், ஒரு தசமப் புள்ளிக்குள் காணாமல் போகிறது. சென்னையில் இரண்டு கிரவுண்டு காணாமல் போனால் தொலைக்காட்சியில் விவாதம் நடக்கும். மலையில் போனால் அது ‘முழுமையாக்கல்’.

இன்னொரு பக்கம் நம் சட்டத்தின் விழிப்பையும் மெச்ச வேண்டும். 2009-ம் ஆண்டின் சட்ட அளவியல் சட்டத்தின்படி சந்தையில் தக்காளி விற்கும் அம்மாவின் தராசில் முத்திரை இல்லாவிட்டால் அபராதம் உண்டு. கால் கிலோ தக்காளியில் பத்து கிராம் குறைந்தால் தேசத்துக்கு ஆபத்து. ஆனால் மலையடிவாரத்தில் ஒரு மனைப்பிரிவையே சென்ட், கிரவுண்டு, சதுர அடி என்று மூன்று நாக்கில் விளம்பரம் செய்கிறவர் பக்கம் அந்தக் கண் திரும்புவதே இல்லை. பெரிய விஷயங்களில் பெரிய மனசு வேண்டும் அல்லவா. பிரான்சு தேசத்தில் ஒரு காலத்தில் ஊருக்கு ஊர், பண்ணைக்குப் பண்ணை அளவு வேறாக இருந்ததில் குடியானவர்கள் கொதித்துப்போய் ‘ஒரே அரசன், ஒரே சட்டம், ஒரே அளவு’ என்கிற பொருளில் மனு எழுதினார்கள். அங்கே புரட்சி வந்தது, 1795-ல் மீட்டரும் ஏர்ஸும் பிறந்தன. அந்தக் குடியானவர்களின் அவசரத்தால் பிறந்த அதே ஏர்ஸைத்தான் நம் ஊரில் குடியானவர்களுக்குப் புரியாத மொழியாக வளர்த்து எடுத்திருக்கிறோம். ஒரு கண்டுபிடிப்பை அதன் நோக்கத்துக்கு நேர் எதிராகத் திருப்ப முடிந்ததை வேறு எந்தத் துறையில் சாதித்திருக்கிறோம்?

ஆகவே வருவாய்த் துறைப் பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். யாராவது வந்து, பட்டாவில் ஹெக்டேர் எண்ணுக்குப் பக்கத்திலேயே ஏக்கர், சென்ட், சதுர அடி மூன்றையும் அச்சடித்துவிடுங்கள், கணினியில் ஒரு வரிதானே, செலவே இல்லையே என்று சொன்னால் தயவுசெய்து காதில் வாங்காதீர்கள். பத்திரப் பதிவிலும் பட்டாவிலும் ஒரே அளவில் எழுத வேண்டும் என்று உத்தரவு போடச் சொன்னாலும் போடாதீர்கள். தாலுகா அலுவலக வாசலில் பெரிய பலகை வைத்து, ஒரு ஏர்ஸுக்கு 2.47 சென்ட், ஒரு சென்ட்டுக்கு 435.6 சதுர அடி, ஒரு ஹெக்டேருக்கு 2 ஏக்கர் 47 சென்ட் என்று எழுதச் சொல்கிறவர்கள் ஜெராக்ஸ் கடைக்காரர் முதல் வழக்கறிஞர் வரை பல குடும்பங்களின் வயிற்றில் அடிக்க வந்தவர்கள். சரிவுக் கணக்கை மலை ஊர்ப் பள்ளியில் சொல்லித்தரச் சொல்கிறவர்களை இன்னும் கவனமாக ஒதுக்குங்கள்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. பட்டாவில் இருக்கும் ஏர்ஸ் எண்ணை 2.471-ஆல் பெருக்கினால் சென்ட் வந்துவிடும். உங்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், புதூர்நாட்டில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.